கன்னத்தில் ஒதுக்கிய துண்டு

அந்தச் சந்துக்குள் சாயங்காலம் அந்த சைக்கிள் மணி கேட்டால் போதும், எந்த வீட்டிலும் குழந்தைகள் தங்காது. தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தது எழுந்து ஓடும். குளித்துக்கொண்டிருந்தது சோப்பு நுரையோடு ஓடும். "பிஸ்கட் மாமா! பிஸ்கட் மாமா!" என்று சைக்கிளை மறித்துக்கொண்டு நிற்கும். அவரும் ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "வழி விடுங்கப்பா, மாமா இன்னிக்கு வெறுங்கையோட வந்திருக்கேன்" என்பார். ஹேண்டில்பாரில் தொங்குகிற துணிப்பை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊருக்கு வெளியே இருக்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பல் முளைக்கிற குழந்தைகள் கையில் பிடித்துச் சப்புவதற்கென்றே செய்கிற பிஸ்கட் அது. விரல் நீளம் இருக்கும், எச்சில் பட்டால் கூழாகிவிடும். அவர் இருப்பது மாவு பிசையும் பகுதியில். மாவு மூட்டையையும் சர்க்கரை மூட்டையையும் தோளில் சுமந்து வந்து மெஷினின் வாயில் கவிழ்ப்பார். வலது தோள் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காலரைச் சுற்றி எறும்பு வந்துவிடும். "என்னைவிட இதுங்களுக்குத்தான் உங்க மேல பாசம்" என்று அவர் மனைவி சட்டையை உதறிக்கொண்டே சொல்வாள்.

அடுப்பிலிருந்து வரும்போது உடைந்துபோகிற பிஸ்கட்டைப் பாக்கெட்டில் போட முடியாது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் அதை ஒரு பெரிய தட்டில் கொட்டி வைப்பார்கள், வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அந்த வாசனையே திகட்டிப் போயிருந்தது. அவர் மட்டும் எல்லோர் பங்கையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

"உனக்கென்னப்பா, தெருவுக்கே அப்பன் நீ" என்று ஒருநாள் அடுப்புக்காரர் சொன்னார். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிஸ்கட் மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே பையின் வாயை முடிச்சுப் போட்டார். அந்த வார்த்தை அவருக்கு வலிக்கவில்லை, இனித்தது. காலையில் கும்பிடும்போது அவர் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். "ஆண்டவனே, பிள்ளையைத்தான் கொடுக்கல. பிள்ளைங்களையாவது கொடுத்தியே, அது போதும்."

அந்தப் பிள்ளைகளிலும் எதிர்வீட்டுச் சிட்டு தனி. மற்றவர்களுக்குப் பையிலிருந்து பொடியும் துண்டுமாகக் கொடுத்தால், சிட்டுவுக்கு மட்டும் முனை உடைந்த நீளத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அவளுக்கும் அது தெரியும். கும்பலில் வந்து நிற்கவே மாட்டாள். நேராக வந்து அவர் மார்புப் பையில் கையை விடுவாள்.

சிட்டுவின் அம்மா தையல்காரி. அப்பா லாரி ஓட்டுகிறார், வரும்போது வருவார். அப்பாவின் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். வீட்டு வேலையில் ஒரு துரும்பையும் எடுத்துப் போடமாட்டாள், ஆனால் தையல் மெஷின் சத்தம் கேட்டாலே தலைவலிக்கிறது என்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தால் தையல்காரிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சீருடைத் துணி மலை போலக் குவிந்து கிடக்கும். பிள்ளையோ கால் மிதிக்கிற பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழும்.

அப்படி ஒரு மத்தியானம், வார விடுமுறையில் வீட்டிலிருந்த பிஸ்கட் மாமா அழுகைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சிட்டுவுக்கு அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது. தையல்காரி ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டு மறு கையால் பிள்ளையை விலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊசியில விரலைக் கொடுத்துடப் போகுது தங்கச்சி!"

"நான் என்னண்ணா பண்ணுவேன்? தூங்கவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. என்னைப் பிச்சித் தின்னுது."

"இப்படிக் கொடு." அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த ஒரு துண்டை எடுத்து அதன் வாயில் வைத்து, விரலால் மெல்லக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டார். "மெல்ல விடாம இப்படிக் கன்னத்துல ஒதுக்கி வச்சிட்டா அது பாட்டுக்குக் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். இனிப்பு இறங்க இறங்கக் கண்ணு சொருகிடும். பாரு."

சிட்டு தூங்கிப்போனாள். தையல்காரி கையெடுத்துக் கும்பிடாத குறை.

"தொண்டையில சிக்காதாண்ணா?"

"சேச்சே. அது தண்ணியாக் கரையற சாமான். பல்லு இல்லாத குழந்தைக்குன்னே செய்யறது. சத்து மாவு, சத்து மருந்து எல்லாம் போடறாங்க. நான்தானே கொட்டறேன், எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானம் ஒரு துண்டு, ராத்திரி ஒரு துண்டு, நடுவில் அழுதால் ஒன்று. சந்திலிருந்த மற்ற அம்மாக்களும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். தையல்காரியிடமிருந்து வந்தது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டபோது அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

சிட்டுவுக்கு இரண்டு வயதானபோது, முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அவள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க பாருங்களேன். ஈறு ஓரமா சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி இருக்கு."

"பால் குடிச்சிருப்பா."

"துடைச்சா போகலையே."

"பால் பல்லுதானே? விழுந்துட்டு வேற முளைக்கப் போகுது. இதுக்குப் போய் கவலைப்படறியே."

அந்தக் கோடு பழுப்பானது. பழுப்பு கறுப்பானது. முன்பல் ஓரத்தில் அரித்த மாதிரி உதிர ஆரம்பித்தது. தையல்காரி வந்து கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார். தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் போய்விட்டாள். கொஞ்ச நாளில் சிட்டு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அழுதாள். ரொட்டியை முன்பல்லால் கடிக்காமல் பக்கவாட்டில் வைத்துக் கடித்தாள். வலித்து அழுதபோது, பாவம், அவளைச் சமாதானப்படுத்தக் கொடுத்ததும் அந்தத் துண்டைத்தான்.

சந்து முனையில் இருந்த பாலர் பள்ளிக்குப் பல் டாக்டரம்மா ஒருவர் குழந்தைகளைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். அன்று அவருக்கு விடுமுறை. சிட்டு மூன்று வயதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவர்தான் முதலில் கிளம்பினார். தையல்காரி இடுப்பில் ஊசி குத்திய துணிச் சுருளோடு பின்னால் வந்தாள். வேடிக்கை பார்க்க அவள் நாத்தனாரும் வந்தாள். அழாமல் வாயைக் காட்டுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று அவர் பையையும் கையில் எடுத்துக்கொண்டார்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி. டாக்டரம்மா சின்ன விளக்கை நெற்றியில் மாட்டியிருந்தார். முதல் பிள்ளை வாயைத் திறந்தது. பார்த்தார். அடுத்தது. அடுத்தது. பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தவர், சிட்டு வாயைத் திறந்ததும் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தக் குழந்தையோட அம்மா யாரு?"

"நான்தாங்க."

"மேல் முன்பல்லு நாலும் போச்சும்மா. வேர் வரைக்கும் சீழ் வச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். இவ்வளவு நாள் பார்க்கவே இல்லையா நீங்க? பல் விளக்கி விடறது உண்டா?"

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "அவளுக்கு எங்க நேரம், டாக்டரம்மா? மெஷினுக்கு எண்ணெய் விட நேரம் இருக்கு, பிள்ளைக்குப் பல் விளக்க நேரம் இல்ல."

"விழப்போற பால் பல்லுதானேன்னு…" என்று தையல்காரி இழுத்தாள்.

"யார் சொன்னா உங்களுக்கு? அடியில வேற பல்லு மொட்டா இருக்கும்மா. மேல சீழ் வச்சா அதையும் கெடுக்கும். அதுவரைக்கும் பிள்ளை எதைக் கடிச்சுத் தின்னும்? எப்படிப் பேசும்?" டாக்டரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "நான் நிறைய இடத்துக்குப் போறேன். ஒரே சந்துல இத்தனை குழந்தைக்கு ஒரே மாதிரி முன்பல்லு அரிச்சிருக்கிறதைப் பார்த்ததில்ல. என்னதான் சாப்பிடறீங்க இங்க?"

கேள்வி பெரியவர்களுக்கு. பதில் சொன்னது பிள்ளைகள். சாப்பிடுகிற பேச்சு வந்துவிட்டது, இனிப் பிஸ்கட் கிடைத்துவிடும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குதித்துக்கொண்டு, எல்லாரும் ஒரே பக்கம் கையை நீட்டினார்கள்.

"பிஸ்கட் மாமா! பிஸ்கட் மாமா!"

கறுத்த பல்லும் பழுப்புப் பல்லுமாக எல்லா வாயும் சிரித்தது. இத்தனை நாள் அந்தச் சிரிப்பில் அவர் பல்லைப் பார்த்ததே இல்லை. கையிலிருந்த பை கனத்தது.

டாக்டரம்மா கை நீட்டினார். அவர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார் டாக்டரம்மா. பசை போல இழுத்தது. "பாருங்க, இப்படித்தான் பல்லுல அப்பிக்கும். இதுல இருக்கிற சர்க்கரையைக் கிருமி தின்னு புளிக்க வைக்கும். அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்கறது. எப்பவாவது ஒண்ணு தின்னுட்டு வாயைக் கழுவினா சரி. அடிக்கடி கொடுத்தா எச்சில் கழுவறதுக்கு அவகாசமே இல்ல. தூக்கத்துல வாயில எச்சிலே ஊறாது, அப்ப இருந்தா இன்னும் மோசம்."

"இது குழந்தைங்களுக்குன்னே செய்யறதுங்க" என்றார் அவர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"குழந்தைக்குன்னு எழுதினா சர்க்கரை கசந்துடுமா?" டாக்டரம்மா கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார். பிறகு சிட்டுவின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு உள்ள கடைவாய்ப் பல்லும் ஒரு பக்கம் போயிருக்கு. அங்கேயே ஒதுக்கி வச்சுத் தூங்குது போல. யார் பழக்கினது இதை?"

நான்தான் என்று சொல்ல அவர் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தையல்காரி ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான்தாங்க."

நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லாதவர் வெளியே வந்தபிறகும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது சிட்டு அவர் தோளில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சட்டைப் பையில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு அவரால் கும்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் கையெல்லாம் தன்னைக் காட்டுகிறது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? மாவு மூட்டை எத்தனை கவுக்கறேன், சர்க்கரை எத்தனை கவுக்கறேன், என் தோளுக்குத் தெரியாதா? எறும்புக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியலையா?"

"அது போகட்டும். அந்தப் பொண்ணு உங்களுக்காகச் சொன்னா பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல" என்றாள்.

அவருக்கும் அதுதான் தாங்கவில்லை. பிள்ளைக்குச் செய்தது அறியாமல் செய்தது என்று ஆண்டவனிடம் மன்றாடலாம். வாயை மூடிக்கொண்டு நின்றதை என்னவென்று சொல்வது? அது நல்ல வெளிச்சத்தில், நினைவோடு செய்தது.

மறுநாள் உடைசல் தட்டுப் பக்கம் அவர் போகவில்லை. "என்னப்பா, தெருவுல எல்லாரும் பெரியவங்க ஆயிட்டாங்களா?" என்றார் அடுப்புக்காரர். சந்துக்குள் மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். ஹேண்டில்பாரைத் தடவினார்கள், சட்டைப் பையைத் தடவினார்கள், கேரியரைத் தூக்கிப் பார்த்தார்கள். "மாமா ஒளிச்சு வச்சிருக்காரு" என்று ஒரு வாண்டு சொன்னது. "இல்லடா கண்ணு. இனிமே கிடையாது. அது பல்லைத் தின்னுடுது" என்றார். சில நாள் வந்து பார்த்தார்கள். அப்புறம் பந்து விளையாட்டு அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது. சைக்கிள் போனால் ஒதுங்கிக்கூட நிற்கவில்லை.

சிட்டுவுக்குப் பல் எடுத்த நாளில் அவள் அப்பா லாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எதிர்வீட்டில் சத்தம் எழுந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சந்துக்கே கேட்டது.

"அக்கா சொல்றது சரிதான். மெஷினை யாருக்காவது தள்ளிவிடு. இல்லன்னா பிள்ளை அக்காவோட எங்க ஊருக்குப் போகட்டும், அங்க வளரட்டும். உனக்கு மெஷின் வேணுமா, பிள்ளை வேணுமா?"

"இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றதுங்க?"

"தூங்கறப்ப வாயில இனிப்பைத் திணிச்சு வச்சிட்டுத் துணி தைச்சிருக்கா, ஒரு தாய்!" இது நாத்தனார்.

பிஸ்கட் மாமா எழுந்தார். மனைவி தடுக்கவில்லை, அவர் செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். எதிர்வீடு நாலு எட்டு. அவருக்கு அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. உள்ளே போனார். தையல் மெஷினுக்கு மேல் மூடி போட்டிருந்தது. சிட்டு பாயில் படுத்திருந்தாள், உதடு வீங்கி, வாயில் பஞ்சோடு.

"தம்பி, அவளைத் திட்டாதீங்க" என்றார். "கன்னத்துல ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தது நான். பால் பல்லு, விழுந்துடும்னு சொன்னதும் நான். அவ கேட்கத்தான் கேட்டா, தொண்டையில சிக்காதான்னு. நான்தான் எனக்கு எல்லாம் தெரியும்னு சொன்னேன். டாக்டரம்மா கேட்டப்ப நான் வாயைத் திறக்கல. இவ என்னைக் காப்பாத்திட்டா. நான் அதையும் பார்த்துக்கிட்டு நின்னேன்."

லாரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களைப் பெரிய மனுஷன்னு நினைச்சேனே" என்றார் கடைசியில்.

"ஆமா தம்பி."

"பிள்ளை பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் நாத்தனார்.

தையல்காரி சட்டென்று திரும்பினாள். "அந்தப் பேச்சு வேணாம் அண்ணி. அவர் கொடுத்தாரு, நான் வாங்கினேன். நீங்களும் வீட்லதான் இருந்தீங்க. பிள்ளை அழுதா நீங்க ஒருநாள் தூக்கியிருந்தா எனக்கு அந்தத் துண்டு எதுக்கு?"

நாத்தனார் உள்ளே போய்விட்டாள். லாரிக்காரர் மூடி போட்ட மெஷினைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். மெஷினைத் தள்ளிவிடுகிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. வாசலைக் காட்டி, "நீங்க போங்க" என்றார், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது அவருக்கு மனது லேசாகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எண்ணியிருந்தார். சொன்னதால் பல் முளைத்துவிடுமா என்ன? தையல்காரியின் மெஷின் சத்தம் மறுநாள் கேட்டது. அது ஒன்றுதான் ஆறுதல். லாரிக்காரர் அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீக்கம் வடிந்து, சிட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள். கிட்ட வரவில்லை. முன்பு போல மார்புப் பையில் கையை விடவும் இல்லை.

"பை எங்க?" என்றாள். பல் இல்லாத இடத்தில் காற்று போய்ச் சொல் வழுக்கியது.

"பை இல்லடா."

அவள் யோசித்தாள். பிறகு மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். வெறும் ஈறு, சிவப்பாக.

"எனக்கும் பல்லு இல்ல" என்றாள், கணக்கு சரியாகிவிட்டது போல. ஓடிப்போய்ப் பந்து விளையாடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

அவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். அவள் அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம், மாமாவோடு டூ விட்டிருக்கலாம். எதையாவது அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் அவர் கும்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு அடியில இருக்கிற மொட்டாவது கெடாம இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகு வேலைக்குப் போனார். போகாமல் எப்படி? அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சர்க்கரை மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். எத்தனையோ வருஷமாகப் பழகிய கனம்தான். நடுவழியில் ஒருமுறை நின்று, மூட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"என்னப்பா, இன்னிக்குக் கனக்குதா?" என்றார் அடுப்புக்காரர்.

"கனக்குது" என்றார். போய் மெஷினின் வாயில் கவிழ்த்தார்.